11 நிமிட அனிமேஷன் எபிசோடு: ஸ்கிரிப்ட் எழுதுவதிலிருந்து பிட்ச் வரை முழு வழிகாட்டி

அனிமேஷனுக்கு எழுத வருபவர்கள் பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் கலர் கலராக ஒரு பைபிள், அதாவது தொடரைப் பற்றிய அறிமுகக் கையேடு, தயாராகிறது. அதில் ஏழெட்டுக் கதாபாத்திரங்கள், ஒரு மாய உலகம், அந்த உலகத்துக்கு ஒரு வரைபடம். ஒரு எபிசோடுகூட எழுதியிருக்க மாட்டார்கள். ஸ்டுடியோவில் "சாம்பிள் ஸ்கிரிப்ட் இருக்கா?" என்று கேட்ட பிறகு அவசரமாக எழுத உட்காருவார்கள். ஐந்தாம் பக்கம் தாண்டுவதற்குள் அந்த மாய உலகம் கதைக்கு உதவாது என்று தெரிந்துவிடும். அதற்குள் பைபிள் பத்துப் பேருக்கு மெயிலில் போயிருக்கும்.

இங்கே வரிசை வேறு. பிரமிஸ் (கதைச் சுருக்கம்), அவுட்லைன் (காட்சி வரிசை), ஸ்கிரிப்ட், அப்புறம்தான் பைபிள், கடைசியில் பிட்ச், அதாவது தொடரை ஸ்டுடியோவிடம் சொல்லி விற்பது.

குழந்தைகளுக்கான டிவி தொடரின் 11 நிமிட எபிசோடை அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக இரண்டு எபிசோடுகள் அடங்கும் என்பதால் உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் அளவு இது. புதியவர் ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை தன் பிடியில் வைத்துக்கொள்ளவும் முடியும்.

உதாரணத்துக்கு ஒரு தொடரை நானே கட்டிக்கொள்கிறேன். ஒரு ரயில் ஜங்ஷன். அங்கே தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் அறை. அதன் பொறுப்பாளர் ஒரு பாட்டி. பள்ளி விட்டதும் அங்கே வந்துவிடும் பேத்தி அஞ்சலைக்கு 9 வயது. பிளாட்பாரத்தில் திரியும் ஆட்டுக்கு டிடிஆர் என்று பெயர், ஏனென்றால் எல்லாருடைய டிக்கெட்டையும் வாங்கிக்கொள்ளும்.

1. எழுத உட்காரும் முன்

வரையத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எழுதும் ஒவ்வொரு வரியையும் ஒருவர் வரைய வேண்டும் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும். சினிமாவுக்கோ சீரியலுக்கோ எழுதிப் பழகியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். "அவன் கோபமாக அறையைச் சுற்றிப் பார்க்கிறான்" என்று எழுதினால் நடிகர் ஏதாவது செய்துவிடுவார். அனிமேஷனில் காகிதத்தில் இல்லாத அறையை யாராவது ஒருவர் உருவாக்கியாக வேண்டும்.

முதல் பயிற்சி, நீங்கள் எழுத நினைக்கும் வகையைச் சேர்ந்த ஒரு 11 நிமிட எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதன் அவுட்லைனைப் பின்னோக்கி எழுதுவது. காட்சிக்கு இரண்டு வரி போதும்: எந்த இடம், என்ன மாறியது. கூடவே எத்தனை இடங்கள், எத்தனை கதாபாத்திரங்கள் என்று எண்ணுங்கள். பார்க்கும்போது பெரிய சாகசமாகத் தெரிந்த எபிசோடு நாலைந்து இடங்களிலேயே முடிந்திருப்பதைக் கவனிப்பீர்கள். எழுத்துப் புத்தகங்கள் படிப்பதைவிட இது பயன் தரும் என்பது என் எண்ணம்.

மென்பொருள் எதுவானாலும் சரி. தமிழில் எழுதினால் ஒரு பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி, வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். சில ஸ்கிரிப்ட் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அனுப்பிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

மொழியையும் முன்னதாகவே முடிவு செய்யுங்கள். ஹைதராபாத்துக்கோ மும்பைக்கோ வெளிநாட்டுக்கோ போகும் பிட்ச், ஆங்கிலத்தில்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் கதாபாத்திரங்கள் உங்கள் காதில் தமிழில் பேசினால் வசனத்தை முதலில் தமிழிலேயே எழுதுங்கள். நேராக ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

2. வயதும் அளவும்

"எல்லா வயதினருக்கும்" என்று எழுதினால் யாருக்கும் இல்லை என்றுதான் சேனலில் படிப்பார்கள். குழந்தைத் தொடர்களை 2–5, 4–7, 6–9, 8–12 என்ற மாதிரிப் பிரிப்பது வழக்கம். இடத்துக்கு இடம் ஓரிரண்டு வயது மாறும்.

வயதுதான் கதையின் சிக்கலைத் தீர்மானிக்கிறது. நாலு வயதுக் குழந்தைக்கு ஒரே இழையில் ஓடும் கதை, ஒரே ஆசை, 7 நிமிடம். எட்டு வயதுக்கு மேல் கிளைக்கதை தாங்கும், கிண்டல் புரியும். நம் ஜங்ஷன் தொடர் 6–9. வடிவம்: 52 எபிசோடுகள், 11 நிமிடம், 2டி. இந்த மூன்றும் பைபிளின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் செலவைக் கணக்குப் போட யாராலும் முடியாது.

3. தொடரை ஓட்டுவது எது

ஒரு நல்ல கதை கையில் இருப்பது வேறு, 52 கதைகளைத் தரும் ஏற்பாடு இருப்பது வேறு. புதியவர்களின் பைபிள்களில் பாதிக்கு மேல் முதலாவதுதான் இருக்கும்: சிறுவனுக்கு மந்திரக்கல் கிடைக்கிறது, வில்லனை வெல்கிறான். சரி, இருபதாவது எபிசோடில் அவன் என்ன செய்வான்?

ஜங்ஷன் தொடரில் ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு பொருள் வருகிறது. அது யாருடையது என்று அஞ்சலை பார்த்தவுடன் யூகிக்கிறாள், யூகம் தவறு. உரியவரின் ரயில் கிளம்புவதற்குள் பொருளைச் சேர்க்க வேண்டும். கதையைத் தொடங்கி வைக்கும் பொருள், கதையைக் கெடுக்கும் குணம், விரட்டும் கடிகாரம் மூன்றும் ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இடமும் ஒரே ஸ்டேஷன். ஒருமுறை வரைந்த பிளாட்பாரம் 52 முறை பயன்படும். இதைப் பட்ஜெட் பார்ப்பவர் சொல்லாமலே கவனிப்பார்.

சோதிக்க ஒரு வழி: ஒரு மாலைக்குள் பத்து எபிசோடுகளை ஒற்றை வரியில் எழுதிப் பாருங்கள். ஆறாவதில் நின்றுவிட்டால் உங்களிடம் இருப்பது ஒரு குறும்படம். அதுவும் நல்லதுதான், ஆனால் அதைத் தொடர் என்று பிட்ச் செய்யாதீர்கள்.

4. பிரமிஸ்: அரைப் பக்கம்

எபிசோடின் கதையை முடிவோடு சேர்த்து அரைப் பக்கத்தில் சொல்வது பிரமிஸ். முடிவை ஒளித்து "என்ன ஆகும்?" என்று நிறுத்துவது டிரெய்லருக்கு ஆகும். கதையைப் படிக்கும் ஸ்கிரிப்ட் எடிட்டருக்கு எரிச்சல்தான் வரும். அவர் பார்ப்பதே முடிவு பொருந்துகிறதா என்பதை.

நம் எபிசோடு: பெஞ்சில் ஒரு பல் செட் கிடக்கிறது. பாட்டியின் பதிவேட்டில் எழுதாமல், "முறுக்கு விக்கிற ஆயாவோடதுதான்" என்று அஞ்சலை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். ஆயாவுக்குச் சொந்தப் பல்லே முப்பத்திரண்டும் இருக்கிறது. அதற்குள் டிடிஆர் பல் செட்டைக் கவ்விக்கொள்ள, அது ஆட்டின் வாயில் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. உரியவர் நாதஸ்வர வித்வான், 5.40 ரயிலில் கல்யாணக் கச்சேரிக்குப் போகிறவர். பல் இல்லாமல் அவரால் ஊத முடியாது. ஆட்டைப் பிடிக்க எந்த வழியும் பலிக்கவில்லை. அஞ்சலை திரும்பி வந்து, பதிவேட்டில் எழுதாமல் போனதைப் பாட்டியிடம் சொல்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு தாளைக்கூடக் கிழிக்க விடாத பாட்டி, தானே ஒரு பக்கத்தைக் கிழித்து ஆட்டிடம் நீட்டுகிறார். ஆடு வாயைத் திறக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, முடிவு வெளியிலிருந்து வரவில்லை. ஆடு காகிதம் தின்னும், பாட்டி காகிதம் தர மாட்டார் என்ற இரண்டும் தொடக்கத்திலேயே இருக்கின்றன. பிரமிஸ் பலவற்றில் கடைசி வரியில் புதிதாக ஒரு போலீஸ்காரரோ விஞ்ஞானி மாமாவோ வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைப்பார். அப்படி யாராவது வந்தால் அவரை முதல் நிமிடத்துக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

ஸ்டுடியோவில் ஏற்கெனவே ஓடும் தொடருக்கு எழுதக் கூப்பிட்டால் முதலில் கேட்பதும் பிரமிஸ்கள்தான். ஐந்தோ பத்தோ கேட்பார்கள், ஒன்றோ இரண்டோ தேறும். அதனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெருகேற்றுவதைவிட, நிறைய எழுதித் தள்ளப் பழகுவதுதான் இந்த வேலைக்குப் பயிற்சி.

5. அவுட்லைன்: வேலையின் முதுகெலும்பு

இரண்டு முதல் மூன்று பக்கம். நிகழ்காலத்தில், காட்சி காட்சியாக. வசனம் கிட்டத்தட்ட வேண்டாம்.

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். "எழுத எழுத வரும்" என்பார்கள். நாவலுக்கு அது சரியாக இருக்கலாம். அனிமேஷனில் பிரமிஸ், அவுட்லைன், ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் ஸ்டுடியோவிலும் சேனலிலும் தனித்தனியாக ஒப்புதல் வாங்கும். அதற்குப் பிறகு குரல் பதிவு, காட்சிகளைப் படம் படமாக வரையும் ஸ்டோரிபோர்டு, அந்தப் படங்களைக் குரலோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக். அவுட்லைனில் ஒரு காட்சியை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதே மாற்றம் அனிமேட்டிக்குக்குப் பிறகு வந்தால், பல பேர் வரைந்தது வீணாகும். எழுத்தாளர் பெயர் கெட்டுப்போவது அங்கேதான்.

ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று கேள்வி: யார் எதை விரும்பி உள்ளே வருகிறார், எது தடுக்கிறது, வெளியே போகும்போது நிலைமை எப்படி மோசமாகியிருக்கிறது. மூன்றாவதற்குப் பதில் இல்லாத காட்சியை எடுத்துவிடலாம்.

காட்சிகளை இணைக்கும் சொல்லையும் பாருங்கள். "அப்புறம்" மட்டுமே பொருந்தினால் கதை நகரவில்லை, நிகழ்ச்சிகள் வரிசையாக நிற்கின்றன. "அதனால்", "ஆனால்" பொருந்த வேண்டும். அஞ்சலை பதிவேட்டில் எழுதாமல் ஓடுகிறாள், அதனால் வித்வான் அறைக்கு வந்து கேட்கும்போது பல் செட் எங்கே போனது என்று பாட்டிக்குத் தெரியாது, அதனால் அவர் வெறுங்கையோடு பிளாட்பாரத்துக்குத் திரும்புகிறார்.

11 நிமிடத்தில் நேரப் பங்கீடு ஏறக்குறைய இப்படி வரும். முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் பொருள் வந்து, தவறான யூகமும் நடந்துவிட வேண்டும். ஐந்தாவது நிமிடம் சுற்றி விஷயம் தலைகீழாக வேண்டும், இங்கே உரியவர் வித்வான் என்று தெரிவது. எட்டு, எட்டரையில் எல்லாம் போச்சு என்ற இடம். கடைசி அரை நிமிடம் ஒரு சிரிப்புக்கு. புதியவர்கள் அறிமுகத்திலேயே மூன்று நிமிடம் செலவழித்துவிட்டு முடிவை ஓடவிடுவார்கள். பாட்டி யார், ஆடு யார் என்பதைச் சொல்ல வேண்டாம். செய்யும் வேலையில் தெரிந்துவிடும்.

அவுட்லைனில் மிகச் சாதாரணமாகக் காணும் பிழை இந்த வரி: "இங்கே ஒரு வேடிக்கையான துரத்தல் நடக்கிறது." வேடிக்கையை யார் யோசிப்பது? துரத்தலுக்குள்ளும் ஒரு சின்னக் கதை வேண்டும். முதலில் அஞ்சலை வாழைப்பழம் காட்டுகிறாள். ஆடு பல்லோடு ஒரு புன்னகை செய்துவிட்டுப் போகிறது. அப்புறம் போர்ட்டரின் தள்ளுவண்டியை வைத்து மறிக்கிறாள், வண்டி அவளையே ஏற்றிக்கொண்டு போகிறது. மூன்றாவது முயற்சியில் ஆடு, காத்திருப்போர் அறையில் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்திருக்கிறது. பல் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே போகிறது.

ஒரு விஷயம். எல்லாத் தொடர்களும் ஸ்கிரிப்டை வைத்து நடப்பதில்லை. ஸ்பாஞ்ச்பாப் போன்றவை ஸ்டோரிபோர்டை வைத்து உருவானவை. எழுத்தாளர் அவுட்லைன் தருவார், வசனத்தையும் நகைச்சுவையையும் ஸ்டோரிபோர்டு கலைஞர்கள் வரைந்துகொண்டே எழுதுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அவுட்லைன்தான் உங்கள் முழு வேலையும்.

6. ஸ்கிரிப்ட்

அவுட்லைன் உறுதியாக இருந்தால் முதல் டிராஃப்ட் சில நாட்களில் வந்துவிடும். வடிவம் இப்படி ("உள்." என்றால் உட்புறக் காட்சி):

உள். தொலைந்த பொருள் அறை – மாலை

பாட்டி பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஜன்னலில் டிடிஆரின் தலை. பாட்டி நிமிராமலே பதிவேட்டை ஓர் அங்குலம் நகர்த்துகிறார். டிடிஆர் கழுத்தை ஓர் அங்குலம் நீட்டுகிறது.

கதவு படாரென்று திறக்கிறது. அஞ்சலை, கையில் பல் செட்.

அஞ்சலை
இது யாரோடதுன்னு எனக்குத் தெரியும்!

பாட்டி
எங்க கிடைச்சுது? எத்தனை மணிக்கு?

அஞ்சலை
அதெல்லாம் எதுக்குப் பாட்டி? தெரியும்னு சொல்றேன்ல!

ஓடிவிடுகிறாள். டிடிஆர் பதிவேட்டின் ஓரத்தைக் கடிக்கிறது. பாட்டியின் பேனா அதன் மூக்கில்: டொக்.

உணர்ச்சியைச் சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு படம். "பாட்டி கண்டிப்பானவர்" என்பதற்குப் பதில் ஓர் அங்குலம். காகிதம் தின்னும் ஆடு, காகிதத்தைக் காக்கும் பாட்டி இரண்டும் விதைக்கப்பட்டுவிட்டன.

கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று வரிக்கு வரி எழுதாதீர்கள். அது போர்டு கலைஞரின் வேலை, எரிச்சலும் படுவார். நகைச்சுவை குறிப்பிட்ட ஒரு கோணத்தில்தான் பலிக்கும் என்றால் மட்டும் சொல்லுங்கள். காத்திருப்போர் அறைக் காட்சி அப்படி: முதலில் வரிசையாகச் செய்தித்தாள்கள், ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன, நாலாவது தாளுக்குப் பின்னால் ஆடு.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 3டியில் ஒவ்வொரு புதுக் கதாபாத்திரத்துக்கும் மாடல் செய்து, மேல்தோற்றம் கொடுத்து, அசைவதற்கு ரிக் (உள்ளே ஓர் எலும்புக்கூடு மாதிரி) போட வேண்டும். ஒரே ஒரு காட்சியில் வரும் டீக்கடைக்காரருக்கும் அதே வேலைதான். கூட்டம், தண்ணீர், ஈரமான முடி, துணி மடிப்பு, உடை மாற்றம் எல்லாம் விலை அதிகம். 2டியில் துண்டுகளாக ரிக் செய்த பாத்திரங்கள் என்றால் கட்டிப்பிடிப்பதும், முதுகைக் காட்டித் திரும்புவதும்கூடச் சிக்கல். ஆடு கூரை மேல் ஏறி நிற்பதற்குத் தனிச் செலவு பெரிதாக இல்லை. ஐம்பது பேர் கல்யாணக் கோஷ்டி பட்டுப்புடவையோடு ரயிலேறுவதற்கு உண்டு. அதை எப்படி எழுதுவது? ரயில் ஜன்னலுக்கு உள்ளிருந்து சத்தம், வெளியே நீட்டிய கையில் ஒரு தாம்பூலப் பை. கல்யாணக் கோஷ்டி வந்துவிட்டது.

வசனத்துக்கு மூன்று விஷயம். குட்டையாக இருக்கட்டும், ஒருவர் தொடர்ந்து மூன்று வாக்கியம் பேசினால் யாராவது எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். அடுத்தது, குரல் பதிவு வழக்கமாக முதலில் நடக்கும், அதைக் கேட்டுத்தான் அனிமேட்டர் வாயசைவு போடுவார். அதனால் மூச்சிரைப்பு, முனகல், "ஆ!" எல்லாவற்றையும் ஸ்கிரிப்டில் எழுதுங்கள், இல்லாவிட்டால் பதிவில் இருக்காது.

மூன்றாவது டப்பிங். நம் ஊரில் ஓடும் குழந்தைத் தொடர்கள் பல மொழிகளில் போகின்றன. கதையின் திருப்பம் ஒரு தமிழ்ச் சிலேடையில் நின்றால் அது இந்தியில் விழுந்துவிடும். சிலேடை இருக்கட்டும், ஆனால் அதை எடுத்துவிட்டாலும் கதை நிற்க வேண்டும். பலகை, கடிதம், பதிவேட்டில் எழுதியதைப் படித்தால்தான் புரியும் என்ற காட்சிகளும் அப்படியே. எழுத்துக்குப் பதில் படம் வையுங்கள்.

குழந்தைகள் பார்த்துச் செய்துவிடக்கூடிய ஆபத்தை எந்தச் சேனலும் விடாது. தீ, கத்தி, தலையில் பிளாஸ்டிக் பை, உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ளக்கூடிய பெட்டி. ஜங்ஷன் தொடரில் இது பெரிய விஷயம். அஞ்சலை தண்டவாளத்தைத் தாண்டவே கூடாது, ஓடும் ரயிலோடு ஓடவும் கூடாது. துரத்தல் எல்லாம் நடைமேம்பாலம் வழியாகத்தான். முதலில் கட்டுப்பாடாகத் தெரியும். பிறகு பாருங்கள், படியேறி இறங்குவதே ஒரு நகைச்சுவையாகிவிடும். ஆடு நின்று மூச்சு வாங்கும், அவளும் நின்று மூச்சு வாங்குவாள், இருவரும் மறுபடி ஓடுவார்கள்.

நீளத்தைப் பக்கத்தால் அளக்காதீர்கள். ஆங்கில ஸ்கிரிப்ட் வடிவத்தில் 11 நிமிடம் ஏறக்குறைய 14 முதல் 18 பக்கம் வரும். அசைவை விரித்து எழுதுவதால், பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற சினிமாக் கணக்கு இங்கே பொருந்தாது. தமிழ் எழுத்துருவில் இன்னும் கூடும். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு வசனத்தைச் சத்தமாகப் பேசி, அசைவுகளை மனதில் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகச் செய்வது உத்தமம்.

7. திருத்தம்

மூன்று சுற்று, தனித்தனியாக. முதலில் அமைப்பு மட்டும், அடுத்து நகைச்சுவை, கடைசியில் வசனம். ஒரே சுற்றில் எல்லாம் பார்த்தால், எடுத்தெறிய வேண்டிய காட்சியின் வசனத்தைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அமைப்புச் சுற்றில் வசனத்தை எல்லாம் மறைத்துவிட்டு, அசைவு வரிகளை மட்டும் படியுங்கள். கதை முக்கால்வாசியாவது புரிய வேண்டும். புரியவில்லை என்றால் நீங்கள் எழுதியிருப்பது வானொலி நாடகம்.

அப்புறம் நாலு பேரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்காதீர்கள், விளக்காதீர்கள். எங்கே நாக்கு இடறுகிறது, எங்கே யாரும் சிரிக்கவில்லை என்று குறித்துக்கொண்டால் போதும்.

8. இப்போது பைபிள்

எட்டு முதல் பன்னிரண்டு பக்கம். ஸ்கிரிப்ட் எழுதிவிட்டதால் கதாபாத்திரங்கள் பற்றி இப்போது உங்களுக்கு உண்மையில் தெரியும்.

முதல் பக்கத்தில் பெயர், லாக்லைன், வயது, வடிவம். லாக்லைன் ஒரே வாக்கியம்: "பார்த்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கும் 9 வயதுச் சிறுமி, விதி மாறாத பாட்டியோடும் காகிதம் தின்னும் ஆட்டோடும் சேர்ந்து, ரயில் கிளம்புவதற்குள் தொலைந்த பொருட்களை உரியவரிடம் சேர்க்கிறாள்."

கதாபாத்திரப் பக்கத்தில் உயரம், பிடித்த நிறம், ராசி எல்லாம் வேண்டாம். என்ன வேண்டும், என்ன குறை, யாரோடு மோதுவார் என்பதே தேவை. "துணிச்சலானவள், அன்பானவள், புத்திசாலி" என்று எழுதினால் அது எந்தத் தொடரின் நாயகிக்கும் பொருந்தும். அடுத்து இடம், தொடரின் தொனி, எட்டுப் பத்து எபிசோடுகள் மூன்று மூன்று வரியில், கடைசியில் நீங்கள் யார் என்று ஒரு பத்தி. உலகத்தின் வரலாறு இரண்டு பக்கம் வந்துவிட்டால் நாலு வரியாக்குங்கள்.

படம் வேண்டுமா? இருந்தால் நல்லது, ஆனால் மோசமான படம், படமே இல்லாமலிருப்பதைவிடக் கெடுதல். நண்பர் வரைந்து தருகிறார் என்றால் சந்தோஷம், ஆனால் யாருக்கு எவ்வளவு உரிமை, தொடர் விற்றால் அவருக்கு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சென்னையில் இந்தத் தாள் இல்லாமல் முறிந்த நட்புகளை நான் பார்த்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களை வைத்தால் அதைச் சொல்லிவிடுங்கள். பதிப்புரிமைச் சிக்கலால் அதைத் தொட விரும்பாதவர்கள் இருக்கிறார்கள்.

9. அனுப்பும் முன் பதிவு

யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்கே உண்டு. "தொலைந்த பொருள் அறை பற்றிய தொடர்" என்பதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஸ்கிரிப்டையும் பைபிளையும் எடுக்க முடியாது. முதலில் ஸ்கிரிப்ட் எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மும்பையில் இருக்கும் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினராகி இணையத்திலேயே பதியலாம். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகவும் பதியலாம், நாளாகும். ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு அனுப்புங்கள்.

ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் கதை சொல்வேன் என்று நிபந்தனை போட்டால், பெரும்பாலான ஸ்டுடியோக்கள் சந்திக்கவே மாட்டார்கள். மாறாக, படிப்பதற்கு முன் உங்களிடம் ஒரு விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். இதேபோன்ற கதை எங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம் என்பது அதன் சாரம். இது வழக்கம்தான், படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

10. யாரிடம் கொண்டுபோவது

இந்தியாவில் சேனல்கள் பெரும்பாலும் ஸ்டுடியோ வழியாகத்தான் தொடர் வாங்குகின்றன. தனி எழுத்தாளர் சேனல் கதவைத் தட்டுவதைவிட, ஸ்டுடியோவில் புதுத் தொடர்களை உருவாக்கும் டெவலப்மென்ட் பிரிவுக்குப் போவது பலன் தரும். ஹைதராபாத்தில் கிரீன் கோல்டு, திருவனந்தபுரத்தில் டூன்ஸ், மும்பையில் காஸ்மோஸ்-மாயா எல்லாம் தொடர்களைச் சொந்தமாகவே உருவாக்கியவை. அனுப்பும் முன் அந்த ஸ்டுடியோ என்ன வயதுக்கு, எந்த உத்தியில் செய்கிறது என்று பாருங்கள். 3டி மட்டும் செய்யும் இடத்துக்கு 2டி தொடரை அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏற்கெனவே வாசகர் இருக்கும் கதாபாத்திரம் என்றால் சேனலுக்குத் தைரியம் வரும். 2012-இல் நிக்கலோடியனில் வந்த மோட்டு பத்லு, லோட்போட் என்ற இந்திச் சிறுவர் பத்திரிகையின் காமிக்ஸிலிருந்து வந்ததுதான். உங்கள் கதை சிறுவர் இதழில் வந்திருந்தாலோ படக்கதையாக வெளியாகியிருந்தாலோ அதைப் பைபிளில் முதலிலேயே சொல்லுங்கள்.

வெளிநாட்டுச் சந்தையில் முக்கியமானது பிரான்சின் ஆன்சி நகரில் ஜூன் மாதம் நடக்கும் அனிமேஷன் விழாவோடு சேர்ந்த மிஃபா சந்தை. அங்கே பிட்ச் செய்யத் தேர்வு உண்டு, அதற்கான அழைப்பு பல மாதம் முன்பே வந்துவிடும். அதே நாட்டின் துலூஸில் நடக்கும் கார்ட்டூன் ஃபோரம் என்ற பிட்ச் நிகழ்ச்சி ஐரோப்பியத் தயாரிப்பாளர்களுக்கானது, அங்கே தயாரிப்பாளர் துணை இல்லாமல் விண்ணப்பிக்க முயல வேண்டாம். இங்கே 2025 மே மாதம் மும்பையில் மத்திய அரசு நடத்திய வேவ்ஸ் மாநாட்டையொட்டி அனிமேஷன் படைப்பாளிகளுக்குப் போட்டி வைத்தார்கள். இப்படிப்பட்டவற்றில் பரிசைவிட, பிட்ச் செய்யக் கிடைக்கும் பயிற்சிக்கு மதிப்பு அதிகம்.

மெயில் நாலு வரி. லாக்லைன், வயது, வடிவம், ஒரு வரி அறிமுகம், இணைப்பில் பைபிள். ஸ்கிரிப்டை இணைக்காதீர்கள், "தயாராக இருக்கிறது" என்று சொல்லுங்கள். கேட்டு வாங்கியதைத்தான் படிப்பார்கள்.

11. பிட்ச் அறையில்

பத்து நிமிடம் கிடைத்தால் ஐந்து நிமிடம் பேசுங்கள். மீதி அவர்கள் கேட்பதற்கு. உலகத்தை விளக்குவதில் தொடங்கினால் கண்கள் போனுக்குப் போய்விடும். அஞ்சலையிலிருந்து தொடங்குங்கள்: யார், என்ன குறை. அடுத்து ஓட்டும் ஏற்பாடு இரண்டு வாக்கியத்தில். பிறகு ஒரு எபிசோடை முழுதாக, முடிவு வரை சொல்லுங்கள். பல் செட் போட்ட ஆடு வரும்போது சிரிப்பு வந்தால் நிறுத்திச் சிரிக்க விடுங்கள். ஸ்லைடைப் பார்த்துப் படிக்கவே வேண்டாம்.

வரும் கேள்விகள் கிட்டத்தட்ட தெரிந்தவைதான். இதேபோன்ற வேறு தொடரிலிருந்து எப்படி வேறுபடுகிறது? இருபதாவது எபிசோடு என்ன? ஆண் குழந்தைகளும் பார்ப்பார்களா? ஆட்டை நாயாக மாற்றலாமா? கடைசி மாதிரிக் கேள்விக்குச் சட்டென்று மறுக்கவும் வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். ஏன் கேட்கிறார் என்று கேளுங்கள். பொம்மை விற்பது மனதில் இருக்கலாம், ஏற்கெனவே ஓர் ஆட்டுத் தொடர் கையில் இருக்கலாம். காரணம் தெரிந்தால் வேறு வழி கிடைக்கும். காகிதம் தின்பது போனால் நம் முடிவும் போய்விடும் என்பதை அங்கேயே சொல்லலாம்.

"பார்க்கலாம்", "டீமோட பேசிட்டுச் சொல்றோம்" என்றால் பெரும்பாலும் இல்லை என்று பொருள். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அத்தோடு விட்டுவிடுங்கள். "இது இல்லை, வேறு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் அது நல்ல பதில். அதனால்தான் கையில் இன்னொரு லாக்லைன் இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

12. கையெழுத்திடும் முன்

தொடரை எடுத்துக்கொள்ள விரும்பினால் முதலில் ஆப்ஷன் ஒப்பந்தம் வரலாம். குறிப்பிட்ட காலம் வரை வேறு யாருக்கும் தராமல் வைத்திருக்க ஒரு தொகை. காலம் எவ்வளவு, நீட்டிக்க எவ்வளவு, தயாரிப்பு தொடங்காவிட்டால் உரிமை தானாக உங்களிடம் திரும்புமா என்று பாருங்கள். திரும்பும் தேதி இல்லாத தாளில் கையெழுத்திடாதீர்கள்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஒப்பந்தங்களில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்ற சொற்கள் தவறாமல் இருப்பது இதனால்தான். அவற்றுக்கு ஏற்ற தொகை இருக்கிறதா என்பதைத்தான் பேச வேண்டும். ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே உருவாக்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர். உங்கள் சொந்தத் தொடர் வேலைக்குச் சேரும் முன்பே இருந்தது என்றால், அதைப் பதிவுத் தேதியோடு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பணத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை மூன்று: "உருவாக்கியவர்" என்று ஒவ்வொரு எபிசோடிலும் பெயர், குறைந்தது சில எபிசோடுகளை நீங்களே எழுதும் வாய்ப்பு, எத்தனை டிராஃப்ட் வரை இந்தத் தொகை என்ற எல்லை. மூன்றாவதைக் கேட்காமல் விட்டவர்களிடம் ஏழாவது டிராஃப்டும் எட்டாவது டிராஃப்டும் இலவசமாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு டிராஃப்ட், ஒரு மெருகேற்றல், அதற்கு மேல் தனித் தொகை என்று எழுதிக்கொள்வது பழக்கத்தில் இருப்பதுதான், கேட்கத் தயங்க வேண்டாம்.